எங்களை இரண்டு கேள்வி கேளுங்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் நான்கு ஏக்கர் சாகுபடி செய்பவன் நான். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன். என் உயிரைக் காப்பாற்றிய மருத்துவத்தின் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தால், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறீர்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நான் எழுத வந்தது, பிழைத்து வீடு திரும்பியவனின் மனத்தைப் பற்றி.

பீடியை விடுங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் மூன்றையும் முடிந்தவரை செய்தேன். கடைசியாகச் சொன்னதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இடப்பக்கம் திரும்பினால் வலி வந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் மல்லாந்தே படுத்தேன். நடுச்சாமத்தில் என் மனைவி மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நான் தூங்குவதுபோலக் கிடப்பேன்.

ஐந்து மாதம் தொடாமலிருந்த பீடியை மறுபடி பற்றவைத்த இடம் நெல் கொள்முதல் நிலையம். குறுவை அறுத்துக் கொட்டிய நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள்; மழையும் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் ஓரத்திலேயே மூன்று இரவு உட்கார்ந்திருந்தேன். கடைத்தேநீரும் பன்னும்தான் சாப்பாடு, மாத்திரை டப்பாவோ வீட்டில். மூன்றாம் இரவு பக்கத்துக் குவியல்காரர் பீடியை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். அதை மருத்துவரிடம் ஒப்புக்கொண்டபோது, “நீங்கல்லாம் திருந்தவே மாட்டீங்களா?” என்றார். வெளியே வரிசை நீளமாக நின்றது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் கேட்டபோது, விட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணிகளில் மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. அப்படிப்பட்டவர் மாத்திரையைத் தவறவிடுவதும், புகையை விட முடியாமல் திணறுவதும், நடப்பதை நிறுத்துவதும் மற்றவர்களைவிட அதிகம். ஊர் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறது.

எனவே, மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள் ரத்தக்கொதிப்பைப் பார்க்கும்போதே இரண்டு கேள்வி கேட்கட்டும்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்றுக் கிடந்ததா? உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்விகள்தாம் இவை. இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆம் என்பவருக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்க்கத் தேதி போட்டுக் கொடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவதானால் கேட்காமலிருப்பதே மேல். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை மாத்திரை அட்டையிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மனைவியையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்து, எப்போது வயலில் இறங்கலாம், எப்போது மூட்டை தூக்கலாம், கணவனும் மனைவியும் எப்போது சேரலாம் என்று பேசுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டே பல வீடுகளில் பாய் தனித்தனியாக விரிக்கப்படுகிறது.

இன்னொன்று. அறுவடைக் காலத்தில் அந்தச் சகோதரிகளை மாத்திரையோடு கொள்முதல் நிலையங்களுக்கு அனுப்புங்கள். அந்த நாட்களில் எங்களை வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவன்