மலருக்கு அப்புறம் காய்தானே?

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கௌசி,

மகாமகத்துக்கு ஒரு தடவை கடிதம் எழுதுகிறவள் என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் எவள் மூக்குத்தி மாற்றினாள் என்பது வரை தெரிகிறதாம். மாடி ஒழுகல் நிற்கவில்லை. இவர் வழக்கம்போல. நலம் விசாரிப்பு அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

விஷயம் சின்னு.

மூன்று வயதில் பஸ் போர்டு படிக்கிறாள் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, அதைத் தள்ளிவிடு. சீக்கிரம் படிக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. எனக்குப் பொறி தட்டியது போன சித்திரையில் ஒரு மத்தியானம். பாட்டி கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஏழு தாளைத் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, "அம்மா, காலையில ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும் ராகு காலம் எந்தக் கிழமையுமே வரலையே, ஏன்?" என்றாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகத் தினம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் வாசற்படி தாண்டுகிறேன், ஒரு நாளாவது தோன்றியிருக்குமா? பகலை ஒன்றரை ஒன்றரை மணியாக வெட்டினால் எட்டுத் துண்டு, கிழமையோ ஏழு. இதை நான் சொல்லவில்லை, அவளே விரல் மடக்கி, "எட்டு ரூம், ஏழு பேரு. ஒரு ரூம் காலி" என்றாள். அதோடு விட்டாளா? எமகண்டம் வியாழன், புதன், செவ்வாய் என்று ஒழுங்காகப் பின்னாலேயே நடக்கிறதாம், ராகு மட்டும் திங்களிலிருந்து சனிக்குக் குதிக்கிறாராம், ஏனாம். சாமி விஷயத்தில் கேள்வி கேட்காதே என்று பாட்டி முடித்துவைத்தார். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது.

இதே பெண்ணைப் பற்றித்தான் யு.கே.ஜி. டைரியில் வாரத்துக்கு மூன்று சிவப்பு மை. கவனிப்பதில்லை, அடங்குவதில்லை, கோட்டுக்குள் எழுதுவதில்லை, காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டவும். காட்டினேன், நன்றாகக் கேட்கிறது. ஒரே எழுத்தை நாற்பது தடவை எழுதச் சொன்னால் ஆறாவதிலேயே அவள் ஜன்னலுக்குப் போய்விடுகிறாள். அடுத்த வகுப்பில் போடலாமா என்று கேட்டதற்கு, எமிஸில், அதாவது அரசாங்கத்தின் மாணவர் கணினிப் பதிவில், வயது இடிக்கும் என்றார்கள். நம் அப்பா காலத்து டபுள் புரமோஷன் எல்லாம் மலையேறிவிட்டது. அன்றைக்கு எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் நல்லதாய்ப் போயிற்று. பத்து வயதுப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்கிறவள், பென்சில் முனை உடைந்தால் மூன்று வயதுப் பிள்ளை மாதிரி புரண்டு அழுகிறாள். 'அ' அழகாக வரவில்லை என்று காகிதம் கிழிகிறவரைக்கும் அழிக்கிறாள். சூரியன் ஒருநாள் அணைந்துபோகுமா என்று ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பிக் கேட்டால் நான் என்னடி சொல்வேன்?

உறவுக்காரர்களைக் கேட்காதே. ஒருத்தி அபாகஸ் என்றாள். சித்தப்பா ஆயிரத்து முந்நூற்று முப்பது குறளையும் மனப்பாடம் பண்ணவைத்து டிவியில் ஏற்றிவிடலாம் என்றார். தெருவே 'இன்னொரு ராமானுஜன்' என்கிறது. கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் கோட்டைவிட்டார் என்று அவருடைய உதவித்தொகை பறிபோனதும் இதே ஊர்க் கல்லூரியில்தான். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனோம். பினே-காமத் என்று ஒரு அறிவுத்திறன் (ஐ.க்யூ.) சோதனை, இரண்டு காலை பிடித்தது. எண்ணைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீ உன் பெரியவனுடைய எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவாய். அந்த அம்மா எண்ணைவிட வேறு விஷயங்களைத்தான் கிளறினார். படித்ததைத் தன் வார்த்தையில் சொல்கிறாளா? எழுத்தை மட்டும் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் பொருள் கேட்டால் விழிக்கிற பிள்ளைகள் உண்டாம், அவர்களுக்கு வேறு விதமான உதவி வேண்டுமாம். மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறாளா, சட்டைத் துணி உறுத்துகிறது என்று அழுகிறாளா, ஒரே விஷயத்தில் எவ்வளவு நேரம் ஒன்றியிருக்கிறாள்? இப்படி ஒரு மணி நேரம். அப்புறம் சொன்னார்: நூறு சராசரி, 130-ஐத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் தேறும், ஆனால் ஆறு வயது எண்ணில் பசி, தூக்கம், பயம் எல்லாம் கலந்திருக்கும், எட்டு ஒன்பது வயதில் மறுபடி பார்க்கலாம், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இவர் ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணுகிறேன் என்று கிளம்பினார். நான் இரண்டு கதை சொல்லி உட்காரவைத்தேன். 1905-இல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் இந்தச் சோதனையின் முதல் வடிவத்தை உண்டாக்கியது மேதாவிகளைத் தேட இல்லை, வகுப்பில் தனி உதவி தேவைப்படுகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. 1921-இல் கலிபோர்னியாவில் டெர்மன் என்ற இன்னொரு உளவியலாளர் அதே வழியில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி ஆயுசு முழுக்கப் பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் கழித்துக்கட்டப்பட்ட இரண்டு பையன்கள், ஷாக்லியும் அல்வாரெஸும், பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார்கள். லேமினேஷன் பேச்சு அதோடு அடங்கியது.

இனிமேல்தான் உன்னிடம் மட்டும் சொல்கிற விஷயம். கொலுவுக்கு வந்தவர்கள் முன்னால் அவளை நிறுத்திக் கணக்குக் கேட்க வைத்தேன். ஆமாம், நானேதான். சுண்டலோடு சேர்த்து அதுவும் ஒரு விநியோகம். ஒரு மாமி "பதினேழும் இருபத்தாறும்?" என்றாள். சின்னு என்னை ஒரு தரம் பார்த்தாள், "நாற்பத்திரண்டு" என்றாள். "குழந்தைதானே" என்று மாமி கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். எனக்கு முகம் தொங்கிவிட்டது. மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நம் வகுப்புப் பொற்கொடி கிட்டே வந்து, "வேணும்னே தப்பா சொல்றா, வள்ளி. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

கௌசி, பொற்கொடியின் அந்தத் தொண்ணூற்றொன்பது மார்க் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு பரீட்சையிலும், எட்டாம் வகுப்பிலிருந்து. கவனப்பிசகு என்று சார் குட்டுவார், நாம் சிரிப்போம். நூறு வாங்கினால் பையன்கள் முன்னால் நிறுத்தி 'இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கடா' என்பாராம், அதற்கு ஒரு மார்க்கைத் தூக்கிக் கொடுப்பது மலிவு என்று பொற்கொடி அன்றைக்குத்தான் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு மளிகை விலையைச் சொல்கிற மாதிரி. இன்றைக்கும் அவள் கடையில் கால்குலேட்டர் கிடையாது.

அன்று ராத்திரி சின்னுவிடம் கேட்டேன். "தப்பா சொன்னா அப்புறம் கேக்க மாட்டாங்க" என்றாள். அவளைக் கொஞ்சம் தடவிக்கொடுத்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன்.

இனி நல்ல சேதி. ஒன்றாம் வகுப்புக்குத் தெருமுனை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்காக 2022-இல் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்களே, அதில் ஒன்றாம் வகுப்பு நிலை அரும்பு, இரண்டு மொட்டு, மூன்று மலர். இங்கே மூன்று வகுப்புக்கும் ஒரே டீச்சர், ஒரே அறை. அவர் சின்னுவை எழுத்துக்கு அரும்பில் வைத்தார், ஏனென்றால் அவள் எழுத்து இன்னும் நண்டு ஊர்கிற மாதிரிதான் இருக்கிறது. கணக்குக்கு மலரில் உட்காரவைத்துவிட்டார். எந்த உத்தரவும் வாங்கவில்லை, பாயை நகர்த்தினார், அவ்வளவுதான். தெரிந்த கணக்கைத் திரும்பப் போடவேண்டாம், மிச்சமாகிற நேரத்தில் தினம் ஒரு கேள்வி எழுதவேண்டும் என்று ஒப்பந்தம். ஐப்பசி முடிவதற்குள் மலர்ப் புத்தகத்தையும் முடித்துவிட்டு, "டீச்சர், மலருக்கு அப்புறம் காய்தானே?" என்று கேட்டிருக்கிறாள். "காய் புக் அரசாங்கம் இன்னும் அடிக்கலம்மா, நீயே எழுது" என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார். மேலே சிவப்பு மையில்தான் 'காய்' என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை.

ஆனாலும் கவலை விடவில்லை. டீச்சருக்கு மாறுதல் வந்தால்? நாலாம் வகுப்பில் பாயை நகர்த்த யார் இருப்பார்கள்? உங்கள் சிங்கப்பூரில் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து வடிகட்டி, நூற்றில் ஒருவரைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான வகுப்பு உள்ள சில பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். உன் பெரியவன் முதல் சுற்றில் தேறி இரண்டாவதில் நின்றபோது நீ மூன்று நாள் போனை எடுக்கவில்லை. 1984-லிருந்து நடந்ததை இப்போதைய வடிவில் நிறுத்தி, எல்லாப் பள்ளியிலும் செய்யப்போகிறோம் என்று 2024 ஆகஸ்டில் உங்கள் பிரதமர் சொன்னாரே, சின்னவளுக்கு அது எப்படி இருக்கிறது? டீச்சர்களுக்கு நேரம் கிடைக்கிறதா, இல்லை அதற்கும் டியூஷன் முளைத்துவிட்டதா? பூசி மெழுகாமல் எழுது.

இன்னொன்று. சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடியும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். "அப்போ கௌசி பெரியம்மா ஊர்ல ராகுவும் லேட்டா?" என்று காய் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு வாரத்துக்கு அங்கே சூரியன் எழுவதும் விழுவதும் எத்தனை மணிக்கு என்று குறித்து அவள் பேருக்கே போடு, பெரிய எழுத்தில். விடையைச் சொல்லித் தொலைக்காதே. மணி மட்டும் போதும்.

உன்
வள்ளி