துப்பு துலங்காத கொலைகளைக் கதையாகச் சொல்லும் தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். மண்டபத்திலிருந்து தொண்டி வரை இந்தக் கரையில் யார் போனைத் திறந்தாலும் இப்போது உங்கள் குரல்தான் கேட்கிறது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது, கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே பழைய கொலை வழக்குகளை நீங்கள் சொல்லக் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். நன்றாகச் சொல்கிறீர்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் ராமநாதபுரத்தில் நீதிமன்ற ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தொன்பது வருஷம் வழக்குக் கட்டுகளை எடுத்து வைத்த கை இது. அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன மாதம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கைச் சொன்னீர்கள். 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி, பட்டப்பகல், கத்திக்குத்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் மரணம். எல்லாம் சரி. 'சினிமா தூது' பத்திரிகையில் அவர் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதியது, பாட்டு நடிகர் பாகவதரும் சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்தது, உரிமம் போனது, பிறகு அவர் 'இந்து நேசன்' நடத்தியது, இதையும் விடாமல் சொன்னீர்கள். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, “அப்படியென்றால் கொன்றது யார் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்” என்றீர்களே, அந்த இடத்தில்தான் நான் போனை அணைத்தேன்.

எனக்குப் புரியவில்லை தம்பி. யாருக்கும் புரியவில்லை. அதனால்தான் 80 வருஷம் கழித்தும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மனுக் கொடுத்த அந்த மூன்று பேரையும் கொலைச் சதியில் பங்கு என்று கைது செய்தார்கள். நாயுடுவை விசாரணையிலேயே விடுவித்துவிட்டார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. ஜூரிகள் வைத்து நடந்த வழக்கு அது. அப்பீல் தள்ளுபடியாகி, அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை. ஏறத்தாழ முப்பது மாதம் சிறை. நீங்கள் பேசிய நாற்பது நிமிஷத்தில் இந்த விடுதலைக்குக் கிடைத்தது அரை நிமிஷம், அதுவும் கடைசியில், பாட்டுப் போடுகிற நேரத்தில். சமையலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள், கண்ணயர்கிறவர்கள், பாதியில் வேறு வீடியோவுக்குத் தாவுகிறவர்கள் எல்லாரும் 'ஜெயிலுக்குப் போனார்கள்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். விடுதலையை முதலிலேயே சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தால் என்ன? சுவை குறையும் என்கிறீர்களா? குறையட்டும்.

கலைவாணர் வெளியே வந்து மறுபடி நடித்தார், சிரிக்க வைத்தார். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. 1959இல் போய்ச் சேர்ந்தார். ஒரு காலத்தில் ஊரே மயங்கிக் கிடந்த குரல். கோர்ட் விடுதலை செய்தது, ஊர் விடுதலை செய்ததா என்று என் அப்பா கேட்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. லட்சுமிகாந்தன் அடுத்தவர் மானத்தை விற்றுப் பிழைத்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக அவர் செத்ததைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஏன் ஒரு திருப்தி? குத்துப்பட்டுச் செத்த மனிதர் அவர். கெட்டவன் செத்தால் கேள்வி கேட்க வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாகவதருக்காக அழுகிறவர்கள் நிறையப் பேர். லட்சுமிகாந்தனைக் குத்தியது யார் என்று கவலையோடு கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சென்னைக் கதையை வைத்துக்கொண்டு இவர் ஏன் இவ்வளவு பொருமுகிறார் என்று நினைப்பீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரைக் கிராமம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வாலிபன் கரையில் செத்துக் கிடந்தான். தலையில் காயம். ராத்திரி அவனோடு ஒரே வல்லத்தில், அதாவது சின்னப் படகில், மீன்பிடிக்கப் போனவர் இன்னொருவர். சந்தேகம் அவர் மேல் விழுந்தது. விசாரித்தார்கள், பலமுறை கூட்டிப் போனார்கள், அவர் மீது குற்றப்பத்திரிகைகூடப் போடவில்லை. கடைசியில் துப்பு துலங்கவில்லை என்று எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான் வழக்கு. ஆனால் ஊருக்கு அது முடியவில்லை. அவரோடு பங்குக்குத் தொழிலுக்குப் போக ஆள் வரவில்லை. வல்லத்தை விற்றார், ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கினார். மகளுக்கு வந்த வரன் இரண்டு, ஊருக்குள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஏழு வருஷத்துக்கு முன் அவர் இறந்தபோது தூக்குவதற்கு ஆள் போதாமல், பக்கத்து ஊரில் சொல்லி வரவழைத்தோம். தோள் கொடுத்தவர்களில் செத்துப்போன வாலிபனின் அண்ணனும் ஒருவர். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

போன கோடையில் உங்களில் ஒருவர் அந்தச் சாவைக் கதையாக்கினீர்கள். பெயரைச் சொல்லவில்லை, வாஸ்தவம். ஊர்ப் பெயரைச் சொன்னீர்கள், வல்லத்தைச் சொன்னீர்கள், 'கூடப் போன கூட்டாளி' என்றீர்கள். எங்கள் கரையில் அதற்கப்புறம் பெயர் எதற்கு?

அன்றைக்கு நான் அந்தக் கூட்டாளியின் மகளோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசல் வேப்பமர நிழலில் நண்டு வலையை மடியில் போட்டு, அறுந்த கண்ணை முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனான். உங்கள் குரல். “கூடப் போனவன்தான் கொன்னுட்டான்னு ஊருக்கே தெரியும், ஆனா...” அவள் நிமிரவில்லை. கையில் இருந்த முடிச்சை இறுக்கினாள். பிறகு அதையே அவிழ்த்தாள். மறுபடி இறுக்கினாள். நூல் விரலை அறுத்து ரத்தம் வந்ததும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, “மாமா, டீ போடவா?” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். டீ வர ரொம்ப நேரம் ஆயிற்று.

'ஊருக்கே தெரியும்' என்பது சாட்சியம் இல்லை. கூண்டில் ஏறி அப்படிச் சொன்னவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். “நீங்க பார்த்தீங்களா?” என்று வக்கீல் கேட்டதும், “இல்லைங்க, பேசிக்கிட்டாங்க” என்பார்கள். அந்த ஒரு குறுக்குக் கேள்வி உங்கள் வீடியோவில் இல்லை. அங்கே வக்கீல் கிடையாது, மறுபக்கம் கிடையாது.

விடை தெரிந்த வழக்கு வேண்டுமென்றால் நம் ஊர் ரயிலிலேயே வந்திருக்கிறது. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, மானாமதுரையில் நாற்றம் தாங்காமல் திறந்து பார்த்தால் தலையில்லாத உடல். அன்றைக்கு மானாமதுரையும் ராமநாதபுரம் ஜில்லாதான். தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடலையும் தலையையும் சேர்த்து ஆராய்ந்து, கைரேகையை ஒப்பிட்டு, இது சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தார் என்று நிரூபித்தார்கள். மறுவருஷமே தீர்ப்பும் வந்தது. அதைச் சொல்லுங்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று விரிவாகவே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு விசாரணை என்றால் என்னவென்று தெரியும். அங்கே குற்றவாளி என்று சொல்ல உங்களுக்குத் தீர்ப்பு இருக்கிறது.

துலங்காத வழக்கைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள், நன்மையும் உண்டு. கொலைக்குக் காலாவதி கிடையாது. புதிதாக ஒரு தடயமோ சாட்சியோ கிடைத்தால் கோர்ட்டிடம் சொல்லிவிட்டு மேற்கொண்டு புலன் விசாரிக்கலாம். அன்றைக்குப் பயந்து வாயைத் திறக்காத ஒருவர் உங்கள் வீடியோவைப் பார்த்து இன்றைக்குப் பேசலாம். அப்படி யாராவது கூப்பிட்டால் அவரைக் கையோடு காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய் வாக்குமூலம் கொடுக்கச் செய்யுங்கள். அடுத்த பாகத்துக்கு ஆள் கிடைத்தது என்று மைக்கை நீட்டாதீர்கள். முதலில் மைக்குக்கு முன்னால் பேசிவிட்ட சாட்சியைக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

இறந்தவரின் வீட்டையும் சந்தேகத்துக்கு ஆளானவரின் வீட்டையும் கேமராவில் காட்டாதீர்கள். எங்கள் ஊர் வீடியோவில் அந்த வேப்பமரமும் நீல வாசற்கதவும் நாலு நொடி வருகிறது. அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் அவள் தினமும் தண்ணீருக்குப் போகிறாள். 'இன்னார் கொன்றார்' என்று தீர்ப்பு இல்லாதபோது 'யாரென்று தெரியவில்லை' என்று சொல்லி நிறுத்துங்கள். கேட்பவருக்கு அது பிடிக்காது, எனக்கும் தெரியும். அந்த வாலிபனின் அம்மா சாகும்வரை அதே பதிலோடுதான் இருந்தார்.

அந்த வீடியோவை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும், நம் பக்கத்துப் பிள்ளைதான். அதை எடுத்துவிடுங்கள் தம்பி. நேரில் வந்து அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல மனமிருந்தால் நானே கூட்டிப் போகிறேன். நண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
நீதிமன்ற ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன்,
ராமநாதபுரம்