செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஊர்வன வளர்க்கும் நம் சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

முதலில் சட்டம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, சைட்டிஸ் எனப்படும், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் வரும் அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இகுவானா என்ற பெரிய பல்லியும், பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பும் இதில் வரும். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு இளைய உறுப்பினர்கள் கூடவே உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள். நட்சத்திர ஆமை, உடும்பு போன்ற நம் நாட்டு உயிரினங்களை வீட்டில் வைப்பது குற்றம். அவற்றுக்கு என்ன தீனி கொடுப்பது என்று கேட்டு வருபவர்களுக்குச் சங்கம் எந்த ஆலோசனையும் சொல்லாது.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, நம் பிராணிகளுக்கு இரையாகக் கொடுக்கும் பூச்சியையும் புழுவையும் அவரவர் வீட்டிலேயே வளர்க்கப் பழக்கியதுதான். கோடையில் கூரியரில் வரும் டப்பாவைத் திறந்தால் பாதிப் புழு செத்துக் கிடக்கும். அதைவிடப் பெரிய கவலை, அந்தப் புழு அதுவரை என்ன தின்றது என்பது யாருக்கும் தெரியாததுதான். ஒரு கூட்டத்துக்குப் பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலியப் பல்லியின் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தாடை ரப்பர் மாதிரி அமுங்கியது, பின்னங்கால் நடுங்கியது. நாள் தவறாமல் வயிறு நிறைய மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவைக் கொடுத்திருக்கிறார்கள். அன்பில் குறையே இல்லை. ஆனால் மீல்வார்மில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லியினத்துக்குத் தேவையோ கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. வெயிலைப் போலப் புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கும் இல்லாததால் கிடைத்த கொஞ்சம் கால்சியமும் உடம்பில் சேரவில்லை. அன்றே கால்நடை மருத்துவரிடம் அனுப்பினோம். குட்டி பிழைத்துவிட்டது, கால் வளைவு மட்டும் மாறவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னோம்: பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் நம் பிராணியின் வயிற்றுக்குப் போகிறது. கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பூச்சிக்கு முருங்கைக்கீரை, கேரட், பூசணி போட வேண்டும். கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்ட வேண்டும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து ஒருபுறம் இருக்க, அமெரிக்காவில் மின்மினியைத் தின்று பியர்டட் டிராகன்கள் செத்திருக்கின்றன; அந்தப் பூச்சியின் உடம்பிலேயே இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. இகுவானா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இலை தின்னும் பிராணி, அதற்குப் புழுவே கொடுக்காதீர்கள்.

செயல்விளக்கங்களில் எல்லோரையும் கவர்ந்தது சூப்பர்வார்ம் என்ற பெரிய வண்டுப்புழுதான். ஒரே டப்பாவில் கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாக மாறாது. முழு வளர்ச்சியடைந்த புழுக்களை மாத்திரை டப்பாவில் அறைக்கு ஒன்றாகப் போட்டு, இருட்டில் தீனியில்லாமல் வைத்தோம். ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பை வளைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. செத்துவிட்டது என்று தூக்கிப்போடப் போனவர்களைத் தடுத்தோம். உடம்பு கறுத்து நெகிழ்ந்தால்தான் செத்ததாக அர்த்தம். வளைந்து, தொட்டால் துள்ளினால் அது தயாராகிறது. வண்டு வெளிவந்தபோது கூட வந்திருந்த பிள்ளைகள் இடத்தைவிட்டு நகரவே இல்லை.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை நம்மைச் சோதித்தது. கோதுமைத் தவிடு ஈரம் வாங்கி, பல வீடுகளில் மீல்வார்ம் தட்டுகளில் பூஞ்சையும் செள்ளும் பிடித்தன. தட்டின் ஓரத்தில் வெளிறிய தூசு படிந்திருக்கும்; டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தத் தூசு நகரும். மாட்டுத்தீவனக் கடையில் வாங்கிய தவிட்டை வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போட்டவர்களுக்கும், காய்த்துண்டை மறுநாள் மிச்சம் வைக்காமல் எடுத்தவர்களுக்கும் சேதம் குறைவு. அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதால் எறும்புத் தொல்லையும் இல்லை. தட்டுகளை முழுதாக இழந்தவர்களுக்கு மற்றவர்கள் வண்டு கொடுத்து மறுபடி ஆரம்பித்து வைத்தார்கள். இனி ஒவ்வொருவரும் தன் வளர்ப்பில் ஒரு பங்கை இன்னொரு உறுப்பினர் வீட்டில் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது.

ஒரே இனத்தை நம்பியிருப்பதும் ஆபத்து. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வைரஸ் பரவி, வட அமெரிக்காவில் வீட்டுச் சுவர்க்கோழி என்னும் இரைப்பூச்சியை வளர்த்த பண்ணைகள் பல அழிந்தன. நாம் வளர்ப்பது நம் நாட்டில் இயல்பாகவே இருக்கும் இரட்டைப்புள்ளிச் சுவர்க்கோழி. தென்னை நார்த்தூளை ஈரப்படுத்தி வைத்தால் அதில் முட்டையிடும். நம்மூர் வெயிலில் சுமார் இரண்டு வாரத்தில் பொரித்துவிடும்.

டூபியா கரப்பான் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. கண்ணாடிச் சுவரில் ஏறாது, நாற்றமில்லை, சத்தமில்லை. ஆனால் அது தென் அமெரிக்காவுக்குரியது. நம்மூர் வெப்பம் அதற்கு ஒத்துப்போகும், தப்பினால் இங்கேயே பெருகிவிடும் என்பதுதான் என் பயம். இறுக்கமான வலைமூடி இல்லாமல் வளர்க்கக் கூடாது, மிஞ்சியவற்றை வெளியில் விடாமல் உறையவைத்து அழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தோம்.

உறுப்பினர் ஒருவரின் சொந்தக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்பெரி விவசாயி. அவரிடமிருந்து பட்டுப்புழு வாங்கிப் பார்த்தோம். மென்மையான உடம்பு, நல்ல நீர்ச்சத்து. வெயில்கால இரைக்கு மிகவும் ஏற்றது. மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழுவே பிழைக்காது என்பதால் அந்த விவசாயிகள் இலை விஷயத்தில் அத்தனை கவனமாக இருக்கிறார்கள். வரும் ஆண்டில் இதை ஒழுங்காகத் தருவிக்க ஏற்பாடு செய்கிறோம். கால்சியம் இயற்கையிலேயே நிறைந்த பி.எஸ்.எஃப். (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈ) புழுவை வீட்டுக் காய்கறிக் கழிவில் வளர்க்கும் பயிற்சியும் உண்டு.

கூட்டம் நடத்த மொட்டை மாடியைக் கொடுத்த குடும்பத்துக்கும், இலவசமாகப் பரிசோதித்த கால்நடை மருத்துவருக்கும், அடுக்களையில் புழுத்தட்டுக்கு இடம் விட்ட வீட்டார் எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்