சொந்த டீமுக்கு விரல் தூக்கிய மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவும் படித்தாள். கிராமத்து அணியோடு நட்பாக ஒரு ஆட்டம் ஆடப் போனாய், அம்பயராக நின்று உன் கேப்டனுக்கே எல்பி (ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் தடுத்ததற்கான அவுட்) கொடுத்தாய், திரும்பி வரும்போது வேனில் யாரும் உன்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது கடைசி விஷயத்துக்கு. எனக்கோ பந்து எங்கே குத்தியது என்று தெரிந்தாக வேண்டும். அதை மட்டும் நீ எழுதவில்லை!

எல்பியில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். லெக் ஸ்டம்புக்கு (ஆடுகிறவரின் கால் பக்கம் இருப்பது) வெளியே குத்திய பந்து, அப்புறம் எவ்வளவு திரும்பி நடு ஸ்டம்புக்கே போனாலும் அவுட் இல்லை. அடுத்தது, காலில் பட்ட இடம் ஸ்டம்புக்கு நேராக இருந்ததா என்பது. ஆஃப் ஸ்டம்புக்கு (எதிர்ப்பக்கம் இருப்பது) வெளியே பட்டிருந்தால், மட்டையால் ஆட உண்மையாகவே முயன்றவர் தப்பிவிடுவார். மட்டையைத் தூக்கிக்கொண்டு காலை மட்டும் நீட்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஸ்டம்பில் படுமா என்பதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். அவுட் என்று கத்துகிறவர்கள் எல்லாரும் அந்தக் கடைசிக் கேள்வியிலேயே ஆரம்பிக்கிறார்கள்.

நீ சொல்வதைப் பார்த்தால், சுழல் பந்து எழும்பாமல் சறுக்கி வந்து பின்காலில் கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டிருக்கிறது. அந்தக் கால், ஸ்டம்புகளை ஒட்டி இருந்திருக்கிறது. நேராகக் குத்தியிருந்தால் அது அப்பட்டமான அவுட். உன் கேப்டனுக்கும் அது தெரிந்திருக்கும், அதனால்தான் கோபம்.

இந்த மாதிரி ஆட்டங்களில் பேட்டிங் செய்கிற டீம் ஆளே அம்பயராக நிற்கிறார். கடைசியில் இறங்குகிறவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள், பேட் கட்டிக்கொள்ள அவர்களுக்கு அவசரம் இல்லையே. சொந்த ஆள் விரலைத் தூக்குவாரா என்ற சந்தேகம் எதிரணிக்கு எப்போதும் உண்டு. டெஸ்ட் ஆட்டத்திலேயே அது இருந்தது. உள்நாட்டு அம்பயர்கள் மேல் புகார் சொல்லாத அணியே இல்லை என்கிற காலத்தில், 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் ஆடிய டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி. கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு அம்பயர்களை வரவழைத்தார்கள். இரண்டு அம்பயரும் ஆடாத மூன்றாம் நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பது 2002-இல்தான் வழக்கமானது. உங்களுக்கு அப்படி யாரை வரவழைக்க முடியும்? அந்த ஊர்க்காரர்கள் உன்னை நம்பினால்தான் ஆட்டமே நடக்கும். அதனால் நீ கொடுத்தது சரி.

ஆனால் ஒன்று. அடுத்த முறை நேர்மையானவள் என்று காட்டுவதற்காகச் சொந்த ஆளை வெட்டிவிடாதே. ஒரு முறை திட்டு வாங்கினவர்களுக்கு அந்த வீம்பு வரும். சந்தேகம் இருந்தால் அவுட் இல்லை, மட்டை யார் கையில் இருந்தாலும் சரி. பயிற்சி இல்லாத நம் கண்ணுக்கு எல்பியில் சந்தேகம் அடிக்கடி வரத்தான் செய்யும். நட்பு ஆட்டத்தில் நான் கொஞ்சம் கஞ்சத்தனமாகவே கொடுப்பேன். எதிரணி அப்பீல் (அவுட்டா என்று) கேட்காமல் மட்டும் கொடுக்கவே கூடாது, அது விதி.

ஒன்று யோசித்துப் பார். உன் முடிவு தப்பு என்று அந்த அணியின் கேப்டனுக்குத் தோன்றியிருந்தால், அடுத்த பந்து தொடங்குவதற்குள் உன் சம்மதத்தோடு அப்பீலைத் திரும்பப் பெற்றிருக்கலாம். 1980-இல் பம்பாய் டெஸ்டில் இந்தியக் கேப்டன் விஸ்வநாத் அதைத்தான் செய்தார். இங்கிலாந்தின் பாப் டெய்லருக்கு அம்பயர் அவுட் கொடுத்தும், பந்து மட்டையில் படவில்லை என்று விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்ற அவருக்குத் தோன்றியது, திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள், இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. உன் கேப்டனை யாரும் கூப்பிடவில்லை பார்.

ஓவருக்கு ஐந்து பந்துதான் போட்டார்கள் என்று ஒரு சண்டை நடந்ததாகவும் எழுதியிருந்தாய். அம்பயர் எண்ணியதுதான் கணக்கு, தப்பாக எண்ணியிருந்தாலும் அந்த ஓவர் முடிந்தது முடிந்ததுதான். இருந்தாலும் அடுத்த முறை ஆறு சின்னக் கல் பொறுக்கி இடது பையில் போட்டுக்கொள். ஒரு பந்து முடிந்ததும் ஒரு கல் வலது பைக்குப் போகட்டும். வைடுக்கும் நோபாலுக்கும் கல்லைத் தொடாதே. பந்து செத்த பிறகு, அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் முழுக்க முடிந்த பிறகு, கல்லை மாற்று. ஓட்டம் நடக்கும்போது பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தால் ரன் அவுட்டைக் கோட்டை விடுவாய். ஸ்கோர் எழுதுகிறவர் கை உயர்த்தும்வரை அடுத்த பந்தை விடாதே.

உன் கேப்டனோடு நீயாகப் போய் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது என் எண்ணம். அம்மா பேசச் சொல்கிறாள். எது என்று நீயே பார்த்துக்கொள்.

கடைசியில் இறங்கி எட்டு ரன் எடுத்தேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதில் ஒரு ஃபோர் இருந்ததாமே. எந்தப் பக்கம் அடித்தாய், யார் பந்தில்? விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா