கிணற்றடிச் சிலிப்பர் கட்டை

ஸ்காபரோ, கனடா, ஆவணி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சி குடும்பமும் சுகமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் "ஓம், ஓம்" என்றுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி ஆறுதலாக வாசித்துக் காட்டட்டும்.

வேலை பழையபடிதான். இரவில் வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறேன், விடியத் தூங்குகிறேன். மகள் நாலாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். வீட்டு வாடகையைச் சொன்னால் அம்மா கவலைப்படுவா, அதை விடுவோம்.

போன சனிக்கிழமை ஒரு காட்டுக்குப் போனோம். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் என்னோடு நிற்கிற போர்த்துக்கீசக் கிழவர் ஒருவர், லீவு கிடைத்தால் பழைய றெயில் பாதைகளில் நடக்கப் போவார். தண்டவாளம் கழற்றின பாதைகள். நடப்பதற்கென்றே இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போகிற மனிசர். "நீயும் வா" என்று நெடுநாளாகக் கேட்டார். எங்கள் ஊரில் றெயில் பாதையில் நடந்தவர்கள் எல்லாரும் வேறு வழி இல்லாமல் நடந்தவர்கள் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சரி என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இடத்துக்குப் பெயர் கின்மவுண்ட். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்குப் பக்கம், எங்கள் புளியங்குளம் சந்தி அளவில் ஒரு சின்ன ஊர். லின்ட்சேயிலிருந்து ஹாலிபேர்ட்டன் வரை 1878இல் றெயில் ஓடத் தொடங்கியதாம். மரம் ஏற்றி இறக்கத்தான் முக்கியமாக. பிறகு லொறி வந்தது, மரமும் குறைந்தது, பாதை நட்டத்தில் போனது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, நடக்க விட்டுவிட்டார்கள். ஸ்டேசன் கட்டடம் மட்டும் பெயின்ற் பூசி அழகாக நிற்கிறது. செல் குண்டு விழாத ஸ்டேசன். மாங்குளம் ஸ்டேசன் கிடந்த கிடையை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடக்கத் தொடங்கினால், அப்பா, கால் தானாகவே அடையாளம் கண்டுபிடித்துவிட்டது. றெயில் பாதை காடு மூடினாலும் றெயில் பாதைதான். ஏற்றம் இறக்கம் தெரியாது, திடீர் வளைவு கிடையாது, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், காலுக்குக் கீழே சல்லி. பாலைக்கும் வீரைக்கும் பதிலாக மேப்பிளும் வெள்ளைப் பட்டை உரிகிற பேர்ச்சும் நின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். 90ஆம் ஆண்டு ஆனி மாதத்தோடு யாழ்தேவி றெயில் நின்ற பிறகு நாங்கள் பள்ளிக்கூடம் போனது அந்தச் சல்லியில்தானே. முதல் வருசம், தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடக்கிற சிலிப்பர் கட்டைகளில் கட்டைக்குக் கட்டை தாவினோம். அடுத்த மாரிக்குள் நாயுண்ணியும் ஈச்சம் பற்றையும் இரண்டு பக்கத்தாலும் நெருங்கி வந்துவிட்டன. பிறகு தாவக் கட்டையும் இல்லை.

ஓரிடத்தில் பீவர் என்கிற மிருகம் அணை கட்டி வைத்திருந்தது. நீங்கள் பார்க்க வேண்டும். தடியை நெருக்கி அடுக்கி, இடையில் சேறு அப்பி, றெயில் பாதையையே ஒரு பக்கக் கட்டாக வைத்துக் குளம் ஆக்கியிருந்தது. தண்ணீர் கூடினால் வான் பாய்ந்து வழிய ஒரு மூலையைத் தணித்தும் விட்டிருந்தது. கமக்காரர் அமைப்புக் கூட்டம் வைக்காமலே இவ்வளவு வேலை!

கரடியும் உண்டு, கறுப்புக் கரடி. கிழவர் கைதட்டிக் கதைத்துக்கொண்டே நடக்கச் சொன்னார். பாலைப்பழக் காலத்தில் நீங்கள் முன்னால் தகரம் தட்டிப் போவதை மகளுக்குச் சொன்னேன். பழப்பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க முடியாமல் அம்மா தேங்காயெண்ணெய் பூசினதையும் சொன்னேன். அவளுக்குக் கரடியை விட அதுதான் பிடித்தது.

அவள்தான் ஒன்றைக் கவனித்தாள். "அப்பா, ஏன் நீங்கள் நடுவிலேயே நடக்கிறீங்கள்?" என்று கேட்டாள். கிழவர் நினைத்த இடத்தில் காட்டுக்குள் இறங்கி ஒன்றுக்குப் போகிறார், மகள் புளூபெரி பிடுங்க இறங்குகிறாள், நான் சல்லியை விட்டு ஒரு அடி விலகவில்லை. எனக்கே தெரியாது. மிதிவெடி என்று எச்சரிக்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத காடு என்று மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. மகளிடம் "உண்ணி கடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை, இங்கத்தைய உண்ணி காய்ச்சல் கொண்டுவரும்.

இன்னொரு கதை. 1874இல் ஐஸ்லாந்திலிருந்து கிட்டத்தட்ட 350 பேர் இந்தப் பாதை வேலைக்கு வந்து இறங்கினார்களாம். நெருக்கமான மரக்குடில்கள், முதல் பனிக்காலம். பிள்ளைகள் நிறையப் பேர் செத்துப்போனார்கள். அடுத்த வருசமே பெரும்பாலானோர் மேற்கே மனிட்டோபாவுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். ஊருக்குள் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. கிழவர் படம் எடுத்தார். எனக்கு, இடம்பெயர்ந்து போகும்போது அவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்பதுதான் யோசனை. நாங்கள் தையல் மெசினைக் கொண்டுபோய் அரிசியை விட்டுவிட்டு வந்தோமே.

திரும்பும்போது வாய்க்கால் ஓரம் ஒரு பழைய சிலிப்பர் கட்டை கிடந்தது. பாசி பிடித்து, பாதி மண்ணாகி. ஆணி போன ஓட்டைகள் மட்டும் துருப்பிடித்துச் சுத்தமாக இருந்தன. குந்தி இருந்து விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெயும் தாரும் கலந்த மணம் இன்னும் போகவில்லை. செல்லுக்குப் பதுங்க வெட்டின எங்கள் பங்கர் குழிக்குள் இருந்த அதே மணம். மேலே றெயில் பாதையில் கழற்றின நாலு கட்டை, அதற்கு மேல் மண்மூட்டை, உள்ளே நாங்கள் ஐந்து பேரும் ஒரு ஆடும். செல் கூவுகிற நேரம் நான் அண்ணாந்து அந்த ஓட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை திரும்ப றெயில் ஓடத் தொடங்கியபோது ஊரே பார்க்கப் போனது, நீங்கள் போகவில்லை. கேட்டதற்கு, "கட்டையைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பாங்கள்" என்றீர்கள். சிரித்தோம். இப்போது நினைத்தால் அரைவாசி பகிடிதான் என்று தோன்றுகிறது.

தம்பி கிணற்றடிக்குச் சீமெந்து போட்டு அங்கே கிடக்கிற அந்தக் கடைசிச் சிலிப்பர் கட்டையை விறகுக்குக் கொடுக்கப்போகிறான் என்று தங்கச்சி சொன்னாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். சீமெந்துக் காசை நான் அனுப்புகிறேன், கட்டை மாட்டுக்கொட்டில் பக்கம் கிடக்கட்டும். இங்கத்தைய பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் நாலடி எட்டரை அங்குலம், எங்களுடையது ஐந்தரை அடி. உள்பக்க ஓட்டைக்கும் உள்பக்க ஓட்டைக்கும் இடையில் கிட்டத்தட்ட அவ்வளவு வரவேணும். தங்கச்சியை ஒருக்கால் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்