திரைப்படச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு ஏழு படங்கள் திரையிட்டோம். செயற்குழு நான்கு முறை கூடியது; இருமுறை கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது.

ஆகஸ்டில் திரையிட்ட ‘அன்பே சிவம்’ பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். “தொலைக்காட்சியில் தேயத் தேயப் போட்ட படம் எதற்கு?” என்று குழுவிலேயே கேட்டார்கள். 2003 பொங்கலுக்கு வந்தபோது வசூலில் தோற்ற படம் அது. தியேட்டரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன, ஒன்று என்னுடையது.

அதைக் கொள்கைப் படம், அழுகைப் படம் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மழையில் விமானம் ரத்தாகிப் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொள்ளும் இருவரின் கூத்தை மறந்துவிடுகிறார்கள். விளம்பரப் படம் எடுக்கும் அன்பரசு, தழும்பேறிய முகமும் தடித்த கண்ணாடியுமாக ஓயாமல் பேசும் நல்லசிவத்தைத் தீவிரவாதி என்றே முதலில் சந்தேகிக்கிறான். பிறகு கழற்றிவிடப் பார்க்கிறான், முடிவதில்லை. கடைசியில் வீட்டுக்கே அழைத்துப்போகிறான். வசனம் எழுதியவர் கார்ட்டூனிஸ்ட் மதன் என்பது அந்தச் சிரிப்பில்தான் தெரியும்.

நூறு நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். நாற்பத்தொரு பேர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நேரில் வந்தவர்கள் பதினொருவர். அவர்களில் ஒருவர், சென்ற பொதுக்குழுவில் என்மீது இரண்டு பக்கப் புகார் வாசித்தவர். படம் முடிந்ததும் மற்ற பத்துப் பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட, நாற்காலிகளை மடக்கி அடுக்கியவர் அவர் ஒருவர்தான். இரவு பதினொன்றரை வரை இருந்தார். புகாரை அவர் திரும்பப் பெறவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மூன்று திரையிடல்களுக்கும் எனக்கு முன்பே வந்துவிட்டார்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. சிறு துண்டு விழுந்ததை ஒருவர் சரிக்கட்டினார்; பெயர் சொல்வது அழகல்ல, என் மனைவிக்குத் தெரியும். அறுபத்துநான்கு உறுப்பினர்களில் சந்தா செலுத்தியவர்கள் இருபத்தேழு பேர். பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்றார் தலைவர். ஒட்டவில்லை, என் பையில் இருக்கிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினேன். விருப்ப மனு எதுவும் வரவில்லை. புரொஜெக்டர் விளக்கு மங்கிவிட்டது. பாக்கிச் சந்தா வந்தால் மாற்றலாம். யாரையும் வற்புறுத்தவில்லை. ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்