மனநெருக்கடியும் வீட்டிலுள்ள துப்பாக்கியும்: நியூ ஜெர்சி உறுப்பினர்களுக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள் என்பதால், வீட்டில் ஒருவர் உறக்கமிழந்து, பேச்சைக் குறைத்து, வாழ்வே பாரமென்று சொல்லத் தொடங்கினால், தற்காப்புக்கென வாங்கிய துப்பாக்கியை அவர் கைக்கு எட்டாதபடி செய்வதே நம் முதல் வேலை. பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை அதே மேசை இழுப்பறையில் போடுவது பூட்டாமல் விடுவதற்குச் சமம். தோட்டாக்களைத் தனியே பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று, மனநெருக்கடியில் இருப்பவரிடம் தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசகர் பேசுவார். மனநெருக்கடியில் இருப்பவர் துப்பாக்கியைத் தர மறுத்தால், 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள மாநிலச் சட்டப்படி, குடும்பத்தினரே நீதிமன்றத்திலோ காவல் நிலையத்திலோ மனுச்செய்து அதைத் தற்காலிகமாக அகற்றக் கோரலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 911ஐ அழையுங்கள்.